தோளை மட்டும் நம்பியவர்

"தினமும் செஞ்சேன் மேடம். காலையில இருபது, சாயங்காலம் இருபது."

"செஞ்சிருப்பீங்க சார்."

அந்த 'செஞ்சிருப்பீங்க'வைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், அதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம் என்று. அடுத்து பிசியோதெரபி மேடம் கையை நீட்டுவார். நான் பையிலிருந்து மஞ்சள் நிற ரப்பர் பட்டையை எடுத்துக் கொடுப்பேன். ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பழகச் சொல்லி அவரே கொடுத்து அனுப்பியது அது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். விரலால் ஒரு தேய் தேய்ப்பார்.

"பவுடர் அப்படியே இருக்கு சார்."

புது ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஏதோ வெள்ளைப் பவுடர் போட்டு வைப்பார்களாம். நாலு நாள் ஒழுங்காக இழுத்தால் போய்விடுமாம். எனக்கென்ன தெரியும்? அடுத்த வாரம் விவரமாக அதைக் கழுவி, கொடியில் காயவைத்து எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை தேய்த்துப் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னா சோப்பு சார் போடுறீங்க? வாசனை நல்லாருக்கு."

கூட வந்திருந்த என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வராண்டாவில் அவள் சிரித்த சத்தம் உள்ளே நன்றாகக் கேட்டது.

கடலூர் கோர்ட்டில் ரெக்கார்டு ரூமில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். எத்தனையோ வக்கீல்கள் எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணையில் வறுத்தெடுத்ததைக் காதால் கேட்டிருக்கிறேன். ஒருத்தர்கூட இந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்க முடியாது. சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தவர். அப்போது வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் போய் நின்றால் வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி ஆகிவிடுவேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது போன் போட்டு, "நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்?" என்று ஆரம்பித்துவிடுவார்.

கதையை நடுவிலிருந்து தொடங்கிவிட்டேன். ரப்பர் சமாச்சாரம் நடந்தது இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு. முதலில் என் தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்லூரி படிக்கும்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் கபடி ஆடி, வலது தோள் மூட்டு முதல் தடவை கழன்றது. இழுத்துப் போட்டுவிட்டார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. ஒரு தடவை கழன்ற தோளுக்கு ருசி கண்டுவிடும் போலிருக்கிறது. டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்திருக்கும்போது டிரைவர் பிரேக் போட்டால் கழலும். தூக்கத்தில் புரண்டு படுத்தால் கழலும். ஒரு நாள் சட்டைக்குள் கையை விடும்போது கழன்றது. நான் போட்ட கத்தலில் என் மனைவி தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள். ரெக்கார்டு ரூமில் அலமாரிகள் கூரை வரைக்கும் நிற்கும். கேட்கிற வழக்குக் கட்டு எப்போதும் மேல் தட்டில்தான் இருக்கும். ஆகவே வருஷக்கணக்காக நான் இடது கையால், ஸ்டூல் போட்டு எடுக்கிற ஆளாகிவிட்டேன்.

கடைசியில் சிதம்பரம் டாக்டர் துளை போட்டு, கிழிந்த ஜவ்வை எலும்போடு சேர்த்துத் தைத்தார். ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டும் பெல்ட்டில் போட்டிருக்க வேண்டும், கழற்றவே கூடாது என்றார். சரியென்று தலையாட்டினேன். ஐந்தாவது வாரத்தில் மாதா திருவிழா வந்தது.

எங்கள் மாதா கோயில் பங்கில் சப்பரத்தைத் தோளில்தான் தூக்குவோம். முன் கம்பு, வலது பக்கம், எங்கள் வீட்டு இடம். என் அப்பா அதில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றார். அவருக்குப் பிறகு நான். அதற்கு ஓலையோ ரசீதோ கிடையாது. ஆனால் தெருவில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் அந்த இடம் யாருடையது என்று சொல்லும். அன்றைக்கு பெல்ட்டோடு ஓரமாகத்தான் நின்றேன், சத்தியமாக. சப்பரம் எழும்பியது, பேண்டு அடித்தார்கள், என் இடத்தில் வேறு ஒருத்தன் நின்றான். அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கம்புக்கடியில் தோளை வைத்தேன். அவளும் தடுக்கவில்லை. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "மாதாவைத் தூக்கி எவனுக்காவது தோள் போயிருக்கா?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்தான்.

தெரு முனை திரும்பும்போது உள்ளே நூல் அறுந்த மாதிரி ஒரு சுருக் என்றது. யாரிடமும் சொல்லவில்லை. சில மாதங்களில் தோள் பழையபடி கழல ஆரம்பித்தது.

டாக்டரிடம் போய் என்னவென்று சொல்வது? சப்பரம் தூக்கினேன் என்றால் மாதாவால்தான் தோள் போனது என்றாகும். மாதா மேல் பழி வரலாமா? நானும் என் மனைவியும் பஸ்ஸிலேயே பேசி முடிவு செய்துகொண்டோம். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்வது. டாக்டர் நம்பிவிட்டார். சாதாரணமாக விழுந்ததற்கே தையல் விட்டுப்போயிருக்கிறதே என்று முகம் வாடி, "மறுபடி ஆபரேஷன் பண்ணணும். அதுக்கு முன்னாடி பிசியோவுல ஒரு தடவை தோளைக் காட்டிட்டு வாங்க" என்று அனுப்பினார். அந்த அறையில் புதிதாகச் சேர்ந்திருந்தவர்தான் இவர்.

அறையில் முதலில் கண்ணில் பட்டது காலண்டர். தினம் ஒரு தாள் கிழிக்கிற சாதாரண காலண்டர்தான், ஆனால் கதவின் உச்சி உயரத்தில் மாட்டியிருந்தது. தேதி இரண்டு நாள் பின்னால் இருந்தது. "என்னா மேடம், இன்னிக்குச் செவ்வாக்கிழமையாச்சே?" என்றேன். "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் கையத் தூக்குற ஆளு யாரும் வரல சார்" என்றார். வலிக்கிறதா, தூக்க முடிகிறதா என்று யாரையும் கேட்கமாட்டார். கேட்டால் பொய்தானே சொல்வார்கள்? "தேதியைக் கிழிங்க" என்பார். பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பாய், "மாஷா அல்லா, கை சூப்பரா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் காலண்டருக்கு அரை அடி கீழேயே கையை வைத்துக்கொண்டு அசடு வழிந்ததை நானே பார்த்தேன்.

என் முறை வந்தது. பாத்ரூம் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எப்படி விழுந்தீங்க? செஞ்சு காட்டுங்க."

"விழுந்தா?"

"விழ வேணாம் சார். சாஞ்சு காட்டுங்க, போதும்."

மக் இந்தக் கையில், வாளி அங்கே, சோப்புத் தண்ணீர் இங்கே என்று அளந்துவிட்டுச் சாய்ந்து காட்டினேன். கழலும் தோளை இத்தனை வருஷம் காப்பாற்றிப் பழகிய உடம்பு. அது தானாகவே இடது பக்கம் சாய்ந்தது.

"இடது பக்கம் விழுந்தவருக்கு வலது தோள் எப்படி சார் போச்சு?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் காலண்டரைப் பார்த்தாள். சாட்சிக்கூண்டில் ஏறி உளறுகிறவர்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் அன்றைக்கு வட்டியோடு திரும்பி வந்தது. வாயைத் திறந்தேன், முழுவதையும் கொட்டிவிட்டேன். சப்பரம், பெல்ட், நூல் அறுந்த சுருக், மாதா மேல் பழி, எல்லாம்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமே இல்லை.

"மாதாவா சார் உங்களைத் தூக்கச் சொன்னாங்க? அவுங்க பேரு ஏன் கெடப் போவுது? எங்க ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு தேரோட்டம். ஆபரேஷன் பண்ண கையோட யாரும் வடம் புடிக்கல. நீங்களா போய் டாக்டர் கிட்ட சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

நானே போய்ச் சொன்னேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா!" என்றார். "இத்தன நேரமா என் தையலை நானே திட்டிக்கிட்டு இருந்தேன்யா." அப்புறம்தான் திட்டினார். அது தனி.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கழன்று கழன்று, குழியின் முன் விளிம்பு தேய்ந்துபோயிருந்தது. வெறும் தையல் இனி நிற்காது. தோளின் முன்பக்கத்திலிருந்தே ஒரு துண்டு எலும்பை வெட்டி எடுத்து, அந்த விளிம்பில் வைத்து, இரண்டு திருகாணி போட்டு முடுக்க வேண்டும். "இதுவும் போச்சுன்னா, அடுத்தது செய்யறதுக்கு வழி ரொம்பக் கம்மி. கையைத் தூக்குற வேலையையே மறந்துடணும்" என்றார் டாக்டர். திருவிழா முடிந்ததும் வைத்துக்கொள்ளலாமே என்று இழுத்தேன். ஒரு தடவை கழன்றால் இன்னும் கொஞ்சம் எலும்பு தேயும், தள்ளிப்போடவே கூடாது என்றார். தேதி குறித்தார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் ஐந்தாவது வாரத்தில் மாதா திருவிழா!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையிலேயே அவர் கட்டிலருகே வந்து, பெல்ட்டின் ஒட்டுப்பட்டை மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். பாதிக் கோடு பட்டையில், பாதிக் கோடு பெல்ட்டில். கழற்றி மாட்டினால் கோடு சேராதாம். குளிக்கக் கழற்றும்போது என்ன செய்வது என்று கேட்டேன். என் மனைவியைக் காட்டி, அக்கா கழற்றட்டும், அக்காவே மாட்டட்டும், மாட்டிய கோட்டை அக்காவே போட்டோ எடுத்து அனுப்பட்டும் என்றார். அனுப்பினாள். நாலு நாள் கழித்து அவளுக்கும் போன் வந்தது. "அக்கா, இது நேத்து போட்டோ. சுவத்துல வெயிலு அதே எடத்துல இருக்கு."

இப்படி ஒரு பெண் இருந்தால் அதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும் அல்லவா? யாரோ ஏமாற்றியிருப்பார்கள், எங்கேயோ அடிபட்டிருப்பார் என்று நானும் என் மனைவியும் பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஆளுக்கொரு கதை கட்டினோம். பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கதையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எங்க வீட்ல எல்லாரும் சௌக்கியம். நீங்க எல்லாரும் பொய் சொல்றீங்க, அதான் நான் நம்பறதில்ல." எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

திருவிழா வந்தது. மெயின் ரோட்டில் போக்குவரத்து நிற்கக் கூடாது என்பதால் எங்கள் பவனி சாயங்காலம் நாலரைக்கே கிளம்பிவிடும். என் இடத்தில் என் மனைவியின் தம்பி நின்றான். ஆள் என்னைவிடக் குட்டை. தோளில் ஒரு துண்டை மடித்துச் சும்மாடு போட்டு உயரத்தைச் சமாளித்தான். நான் பெல்ட்டோடு பக்கத்திலேயே நடந்தேன். அதே தெரு முனை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடாமல் வைத்திருந்தார்கள். திரும்பும்போது மச்சானின் சும்மாடு நழுவியது. முன் கம்பு இறங்கி, சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது. மாதாவின் கிரீடம் ஆடியதைப் பார்த்தேன்.

"மாமா! தோள் குடு மாமா!" என்று கத்தினான்.

என் இடது கை தானாக ஒட்டுப்பட்டையைப் பிடித்து இழுத்தது. 'சர்ர்' என்று ஒரு சத்தம்.

"சார்."

பேண்டு சத்தத்திலும் அந்தக் குரல் எனக்குத் தெரியும். திரும்பினேன். கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி ஒன்றேகால் மணி நேரம் வந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு மனுஷனை இவ்வளவுகூட நம்பக் கூடாதா?

"நான் கழட்டல மேடம்!" என்றேன், பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே.

"சத்தம் கேட்டுச்சு சார்." அருகில் வந்தார். தடுக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. "உங்க தோள், உங்க மாதா. எலும்பு இன்னும் ஒட்டல. ஒரு வாட்டி அழுத்தினா திருகாணியோட வந்துரும். தூக்குறதுன்னா தூக்குங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

அவர் கெஞ்சியிருந்தால் நான் போயிருப்பேன். அது எனக்கு நிச்சயம். அவர் கடலையைக்கூடச் சாப்பிடாமல் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் மறுபடி கத்தினான். பட்டையை அழுத்தி ஒட்டினேன்.

"மச்சான், சும்மாட்ட விடு! எடது காலை முன்னால வை! பின்னால நிக்கிறவங்க தாழ்த்துங்கப்பா! டேய், அந்த நீலச் சட்டை, வந்து முட்டுக் குடுறா!"

என் தொண்டையிலிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்தது. நீலச் சட்டைக்காரன் ஓடிவந்து கம்புக்கடியில் நுழைந்தான். சப்பரம் நிமிர்ந்தது. அங்கிருந்து கோயில் வாசல் வரைக்கும் நான் முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே, "பள்ளம்! மெதுவா! வலது பக்கம் ஒயரு!" என்று கத்திக்கொண்டே போனேன். அந்தத் தெருவின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் என் தோளுக்குத் தெரியும். வாசலில் சப்பரத்தை இறக்கியதும் மச்சான் வந்து, "மாமா, நீ தூக்குறதவிட கத்துறது நல்லாருக்கு" என்றான். கூட்டத்தில் தேடினேன். அவர் என் மனைவியோடு நின்று கோயில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது பேனாவை எடுத்து பெல்ட்டில் புதுக் கோடு போட்டுவிட்டுத்தான் போனார்.

எலும்பு ஒட்டியது. ஸ்கேனில் டாக்டரே காட்டினார். பெல்ட் போனது, ரப்பர் வந்தது. பவுடர், சோப்பு மானக்கேடெல்லாம் அப்போதுதான். ஏன் ரப்பரை இழுக்கவில்லை என்றால், சோம்பேறித்தனம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். கை பக்கவாட்டில் விரிந்து மேலே போனாலே, இதோ கழலப்போகிறது என்று பாதியிலேயே இறக்கிவிடுவேன். சோப்பு விஷயத்துக்குப் பிறகு வெட்கப்பட்டாவது இழுத்தேன். மெல்ல மெல்லக் காலண்டர் எட்டியது. ஆனால் அது அவர் பக்கத்தில் நிற்கும்போது. ரெக்கார்டு ரூமில் நான் இன்னும் இடது கை, ஸ்டூல்தான்.

கடைசி நாள். அவருக்கு வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. மறுவாரம் கிளம்புகிறார். என் பைலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆபீஸ்ல மேல் தட்டுலேந்து வலது கையால கட்டு எடுக்குறீங்களா சார்? ஸ்டூல் போடாம?"

"எடுக்குறேன் மேடம்" என்றேன். பழக்க தோஷம். வாயில் வந்துவிட்டது.

எழுந்து வருவார், பையைப் பிடுங்குவார், குறைந்தது தேதியையாவது கிழிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். காலண்டரில் அன்றைய தாளுக்கு மேல் நேற்றைய தாள் கிழிபடாமல் இருந்தது. அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை என் பக்கம் திருப்பினார். தோள் சரியாகிவிட்டது, எடை தூக்கலாம் என்று இருந்தது.

"பாக்கலையா மேடம்?"

"அதான் சொல்லிட்டீங்களே சார். அடுத்த திருவிழாவுக்கு உங்க எடத்துல நில்லுங்க. அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க."

ஒரு வருஷமாக நான் சொன்ன உண்மையைக்கூட நம்பாதவர், இந்த ஒரு பொய்யை நம்பிவிட்டார். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று வாசல் வரை வந்து இரண்டு தடவை நின்றேன். கால் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. புதுச்சத்திரம் தாண்டியது, ஆலப்பாக்கம் தாண்டியது, என் மனசு அந்தக் காகிதத்திலேயே கிடந்தது.

அன்றைக்கு நான் அரை நாள் லீவு. வீட்டுக்குப் போகவில்லை. நேரே கோர்ட்டுக்குப் போய் ரெக்கார்டு ரூமைத் திறந்தேன். உடன் வேலை பார்ப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்டூலைக் காலால் தள்ளி ஓரமாக விட்டேன். எட்டவில்லை என்றால், பயந்து பாதியிலேயே கையை இறக்கிவிட்டேன் என்றால், இப்போதே போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுவது, சப்பரத்தை மறந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். வலது கையைத் தூக்கினேன். காது தாண்டியது. இறக்கிவிடு என்றது பழைய பயம். தூக்கினேன். விரல் மேல் தட்டின் விளிம்பைத் தொட்டது. அதற்கு மேல் கயிறு கட்டிய ஒரு கட்டு, ஏதோ பழைய வரப்புத் தகராறு வழக்கு, கிலோ மூன்றாவது இருக்கும். பிடித்து இழுத்தேன். முகமெல்லாம் தூசியாகக் கொட்டி, கட்டு என் கையில் இறங்கியது. தோள் இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி மேலே வைத்தேன். மறுபடி எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கேயே நின்று அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் செய்தேன்.

"மேடம், மேல் தட்டு எட்டுது."

"அதான் காலையிலயே சொன்னீங்களே சார்."

"ஆமா மேடம், சொன்னேன்" என்றேன். "இப்ப இன்னொரு தடவை சொல்லணும்னு தோணிச்சு."